உன் பங்கை வாங்கிப் போனவள்

ஆமாம், உன் பெயர் இன்னும் நம் கட்டடத்து மளிகைக் குழுவில்தான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அடுத்துக் கேட்பாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் முதலில் எழுத வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், சிட்டு. நீயும் அங்கே அப்படியே இருக்கிறாயா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன், நீயும் அந்த வரியைப் படிக்காமலே தாண்டிப் போவாய். இந்த முறை தாண்டாதே. இருக்கிறாயா? உன் கையெழுத்தில் ஒரு வரி பதில் வேண்டும்.

அப்பாவின் கால்கட்டைப் பிரித்துவிட்டார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர் படிக்கட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார் என்று கட்டடமே சிரித்து ஓய்ந்துவிட்டது, இரண்டாம் மாடித் தையற்காரர் மட்டும் இன்னும் விடவில்லை, பார்க்கும்போதெல்லாம் "என்ன சார், இன்னிக்கும் படிதானா" என்கிறார். இன்னும் கொஞ்ச நாள் வேலைக்குப் போக வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார். ஜன்னலோர நாற்காலி, பக்கத்தில் வானொலி. முகம் தெளிந்திருக்கிறது. நீ போன பிறகு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். இப்போது நன்றாகப் பேசுகிறார். யாரோடு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மளிகைச் செலவு கையைக் கடிக்கிறது, நம் கட்டடத்தில் செய்வது போல இங்கே விடுதிப் பெண்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தாய். கட்டுப்படியாகும். பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறவள் பொருளுக்குப் பாதியும் பொட்டலத்துக்குப் பாதியும் கொடுக்கிறாள். ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கக் கிளம்பாதே. எல்லோரும் தினமும் தின்கிற பொருளை மட்டும் எடு. அரிசி, பருப்பு, மாவு, சர்க்கரை, துணி சோப்பு. ஒருத்தி மட்டும் ஆசைப்படுகிற பொருளை மூட்டையாக வாங்கினால் அது வண்டுக்குத்தான் ஆகும். எண்ணெய் டின்னைத் திறந்த அன்றே பிரித்துவிடுங்கள், வைத்திருந்தால் சிக்கு வாடை வரும். மாவு நாள்பட இருக்கக் கூடாது. பருப்பை வெயிலில் காட்டி, நன்றாக ஆறவிட்டு, அப்புறம் மூடு. சூட்டோடு மூடினால் வேர்த்துப் போகும். மண்டிக்கு இரண்டு பேராகப் போங்கள். ஒருத்தி பேரம் பேசட்டும், ஒருத்தி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளிப் பார்க்கட்டும். மேலே முழு அரிசியும் அடியில் நொய்யும் கிடப்பது எந்த ஊர் மண்டியிலும் உள்ளதுதான். பிரிக்கிறவள் தன் பங்கைக் கடைசியில் எடுக்க வேண்டும், அப்போது தராசு தானாகவே நேராக நிற்கும். இதையெல்லாம் நீ அரைக்கால் சட்டை போட்ட நாளிலேயே கோணி மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். நீ போன பிறகு இங்கே புதிதாக ஒரு முறை வந்தது. அது உனக்குத் தெரியாது.

சர்க்கரையில் ஆரம்பித்தது. யாரோ தவறிப் போய் இரண்டு பங்கு எடுத்துக்கொண்டு போக, கடைசியில் நின்றவருக்கு வெறும் சாக்கு மிஞ்ச, நீ எடுத்தாய் நான் எடுத்தேன் என்று தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த நீள அறையில் பெரிய ரகளை. கீழ்வீட்டுக் கண்டக்டரம்மாதான் அடக்கினார். பேருந்துக் கூட்டத்தையே அடக்குகிற குரல், கேட்க வேண்டுமா. தராசின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார், "இனிமே தலைக்கு ஒரு பங்கு. நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டதும் வாயைத் திறந்து இருக்கேன்னு சொல்லணும், அப்பத்தான் கொட்டுவேன். டிக்கெட் எடுக்காம யாரும் என் வண்டியில ஏற முடியாது." வேலைக்குப் போனவர்களுக்கும் படுத்திருப்பவர்களுக்கும் வீட்டு ஆள் யாராவது "இருக்கார்", "இருக்கா" என்று சொல்லலாம். எத்தனை பதில் வந்ததோ அத்தனை தலை, அதை வைத்துத்தான் அடுத்த மாத மூட்டையை மண்டிக்குச் சொல்வது. ஒரு தலை குறைந்தால் ஒரு மூட்டை குறையும். ஒரு மூட்டை குறைந்தால் மண்டிக்காரர் தன் வண்டியை நம் தெருவுக்குள் அனுப்ப மாட்டார், மொத்த விலையும் இல்லை. நம் குழு எப்போதும் அந்த விளிம்பில்தான் நின்றிருக்கிறது.

முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது என் பெயரும் அப்பா பெயரும் ஆன பிறகு, பழக்க தோஷத்தில், "சிட்டு" என்றார் கண்டக்டரம்மா. நீ கிளம்பிப் போய்ச் சில வாரம் ஆகியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் மண்டி வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. தையற்காரர் என் காதருகே வந்து, "சொல்லித் தொலைங்கம்மா, வண்டி போயிடும்" என்றார். நான் "இருக்கா" என்று சொன்னேன்.

சின்னச் சொல். யாருக்கும் நஷ்டமில்லை. உன் பங்குக்கும் சேர்த்து நானே கொடுத்தேன், மிஞ்சியதைத் தையற்காரர் வீட்டுக்குத் தள்ளிவிட்டேன், அவர் வீட்டில் கையைவிட வாய் அதிகம். மாதா மாதம் இப்படியே. சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிட்டது. கண்டக்டரம்மா "சிட்டு" என்பார், நான் "இருக்கா" என்பேன், உன் டின்னில் அரிசி விழும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மாதத்தில் ஒரு முறை, ஓர் அறை நிறைய மனிதர்கள் முன்னால், நீ ஊரில் இருப்பதாக ஆகிவிடுகிறது. யார்தான் வேண்டாம் என்பார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில், அறையின் இரும்பு ஷட்டர் முழுக்கத் தூக்கியிருந்தது, மாவுத்தூசி வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. நான் குனிந்து எண்ணெய்ப் புனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டரம்மா "சிட்டு" என்றார். வாயைத் திறந்தேன். நான் சொல்வதற்குள் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் "இருக்கேன்" என்றது.

யாரும் திரும்பவில்லை. அதுதான் எனக்கு இன்னமும் புரியாதது. "வா, பாத்திரத்தை நீட்டு" என்றார் கண்டக்டரம்மா, அரிசி விழுகிற சத்தம் கேட்டது, பருப்பு விழுகிற சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்தபோது படிக்கட்டு காலியாக இருந்தது. தையற்காரரின் மூத்த பெண் விளையாடுகிறாள் என்று நினைத்தேன், அவள் எனக்கு நேர் எதிரே நின்று சோப்பு எண்ணிக்கொண்டிருந்தாள். யார் வாங்கிக்கொண்டு போனது என்று கேட்டேன். கண்டக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, கண்ணாடி மாத்தணுமா உங்களுக்கு? உங்க மகதான். கனமா இருக்குமே, தூக்கிடுவியான்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போறா" என்றார்.

படியேறி வந்தேன். டின் அடுக்களையில் அதன் இடத்தில் இருந்தது. நீ வைக்கிற மாதிரி, பிடி சுவர்ப் பக்கம் திரும்பி. நான் ஒருநாளும் அப்படி வைக்க மாட்டேன், எடுக்கும்போது கை இடிக்கும். அப்பா வானொலியைத் திருகிக்கொண்டே, "தண்ணி குடிச்சிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கா" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கொடியில் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. கீழே வந்தால் துணி மடித்துக் கட்டில்மேல் இருந்தது.

அதற்கப்புறம் எல்லோரும் உன்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சேர்ந்தாற்போல் அல்ல, ஒவ்வொருவராக, சாதாரணமாக. தையற்காரர், "உங்க பொண்ணு ஏன் இளைச்சுப் போயிட்டா, அளவு எடுத்த துணியெல்லாம் தொளதொளங்குது" என்றார். அவர் மனைவி, நீ அவரைப் படியில் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனதாகக் குறைப்பட்டுக்கொண்டார், "வேலைக்குப் போற திமிருன்னு நினைக்கப் போறாங்க, சொல்லி வைங்க." கண்டக்டரம்மா உன்னைத் தன் பேருந்தில் ஏற்றி இறக்கியதாகச் சொன்னார். என்னிடம் யாரும் எதையும் ரகசியமாகச் சொல்லவில்லை, பயந்தும் சொல்லவில்லை. நீ வெளியூர் போனதையே மறந்துவிட்டார்கள். நான் ஞாபகப்படுத்தினால் சரி சரி என்று தலையாட்டுகிறார்கள், வெயிலில் வந்தவளிடம் பேசுவது போல.

நான் மட்டும் உன்னைப் பார்க்கவில்லை, சிட்டு. ஒரு முறைகூட. நான் நுழைகிற அறையிலிருந்து நீ அப்போதுதான் போயிருப்பாய். நாற்காலி சூடாக இருக்கும். சீப்பில் நீளமான முடி இருக்கும். துண்டு ஈரமாக இருக்கும். ஒருநாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பின்னால் யாரோ கதவில் சாய்வது தெரிந்தது, திரும்பவில்லை, திரும்பினால் இருக்காது என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. உப்பு போதுமா என்று கேட்டேன். "போதும்மா" என்று பதில் வந்தது. நான் பயப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது, இப்போது நினைத்தால். பெற்ற மனம் பித்து என்பார்கள், அந்தப் பித்தில் ஒரு சுகம் இருப்பதை யாரும் சொல்வதில்லை. என்றாவது ஒருநாள் எனக்கும் தெரிவாய் என்று காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் கடிதங்கள் மாற ஆரம்பித்தன. முதலில் வேடிக்கையாக எழுதியிருந்தாய். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நீ ஊசியோடு எதிரே நிற்க, கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த மனிதர், "யாரும்மா ரத்தம் எடுக்க வருவாங்க, எவ்வளவு நேரம் உட்கார்றது" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார் என்று. நானும் படித்துவிட்டுச் சிரித்தேன். அடுத்த கடிதத்தில், விடுதியில் உனக்குச் சாப்பாடு எடுத்து வைக்க மறந்துவிடுகிறார்கள் என்றாய். அதற்கடுத்து, உன் கட்டிலை விடுதிக் காப்பாளர் ஒரு புதுப் பெண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தார், "நான் அதில் உட்கார்ந்திருக்கும்போதே, அம்மா" என்று எழுதியிருந்தாய். போன கடிதத்தில் உன் எழுத்தே மெலிந்திருந்தது. பேனா தாளைத் தொட்டதா தொடவில்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தில்தான் மளிகை பற்றிக் கேட்டிருந்தாய், எல்லோரும் சேர்ந்து வாங்கினால் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்வார்களோ என்னவோ என்று. செலவுக்காக மட்டும் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது, கண்ணு.

தொலைபேசி விஷயத்தை நீ ஒரே வரியில் எழுதியிருந்தாய், "அப்பா என்னை யாருன்னு கேட்டார்." நான் அப்போது அடுக்களையில் இருந்தேன். மணி அடித்தது, அப்பா எடுத்தார். "எந்த சிட்டும்மா? எங்க சிட்டு உள்ள குளிச்சிக்கிட்டு இருக்கா. நம்பரைப் பார்த்துப் போடும்மா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நான் ஓடி வந்து எடுத்துக் காதில் வைத்தால் வெறும் இரைச்சல். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளினேன், தாழ் போடவில்லை. வாளி நிரம்பி வழிகிறது, ஈரக் கால்தடம் கதவு வரை வருகிறது, கதவுக்கு இப்பால் இல்லை. உடனே உன் விடுதிக்குப் போட்டேன். காப்பாளர் எடுத்தார், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லையே என்றார். பிறகு தானாகவே, "இருங்க, இருந்த மாதிரி இருக்கு, பார்த்துட்டு வரேன்" என்று போனார். அவருடைய செருப்புச் சத்தம் தூரம் போவது கேட்டது. திரும்பி வருகிற சத்தம் கேட்கவே இல்லை. கடிதம் மட்டும்தான் உன்னைக் கண்டுபிடித்து வந்து சேர்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்குக் குளியலறைக் குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, ஆனால் பங்கு பிரித்துப் பழகிய கை. ஒரு டின்னில் கூடினால் இன்னொரு டின்னில் குறைந்திருக்கும், மூட்டை ஒன்றுதான். இங்கே நான் உன்னை இருக்கிறாள் இருக்கிறாள் என்று அளந்து அளந்து கொட்டியிருக்கிறேன். அது உன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். வேறு எங்கிருந்து வரும்? ஆழம் தெரியாமல் காலை விட்டது நான், மூழ்குவது நீ.

உடனே உன் பெயரை எடுத்திருக்கலாம். பங்கு நாளில்தான் எடுக்க முடியும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். இந்த வாரம் முழுக்க அதற்காக மனதைத் தயார் செய்தபடியே அப்பாவின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யாரோடோ சண்டை போடுகிறார், வானொலிச் சத்தத்தைக் கூட்டாதே என்கிறார், செய்தித்தாளில் நீ படிக்கிற நடுப்பக்கத்தை எடுத்துத் தனியாக ஒதுக்கி வைக்கிறார். நீ போன நாளிலிருந்து அவர் இப்படி வயிறாரச் சாப்பிட்டதில்லை. தையற்காரர் வீட்டுக்குப் போகிற அரிசியும் நின்றுவிடும். கட்டடத்துக்கே மண்டி விலை போய்விடும். இத்தனையையும் எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிற உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றால், யாராவது என்னை நம்புவார்களா? அவர்கள் கண்ணுக்குத்தான் நீ தினமும் தெரிகிறாயே.

கீழே விசில் சத்தம் கேட்கிறது. பங்கு நாளில் கண்டக்டரம்மா வேலைக்கு எடுத்துப் போகிற அதே விசிலை ஊதித்தான் எல்லோரையும் கூப்பிடுவார். பேனாவை வைக்கிறேன்.

வந்துவிட்டேன். படியேறி வந்த கையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என்னைக் கூப்பிட்டார், இருக்கேன் என்றேன். அப்பாவைக் கூப்பிட்டார், இருக்கார் என்றேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். பிறகு "சிட்டு" என்றார். நான் யாரையும் முந்தவிடவில்லை. "இல்லை" என்றேன். "அவ பேரை எடுத்துடுங்க. அவ இங்க இல்லை."

முதலில் சிரித்தார்கள். தையற்காரர், "என்னங்க விளையாட்டு இது, பிள்ளையைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு" என்றார். அவர் கண் என் வலது தோளுக்குப் பக்கத்தில் நின்றது. எல்லோர் கண்ணும் அங்கேதான் நின்றது. நானும் பார்த்தேன். மூட்டைகள், சுவர், சுவரில் மாவுக் கறை. கண்டக்டரம்மா, "மாமியார் மருமகளை இல்லேன்னு சொல்லிக் கேட்டிருக்கேன், பெத்தவளே சொல்லி இப்பத்தான் கேட்கறேன்" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, குரலை இறக்கி, "அம்மா, அவ முகத்தைப் பாருங்க. அழறா" என்றார். தையற்காரரின் கடைக்குட்டி தன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு தானும் அழ ஆரம்பித்தது.

என் சேலையின் ஓரத்தை யாரோ பிடித்தார்கள். ஊசி போடக் கூட்டிப் போனால் நீ பிடிப்பாயே, விரலால் இல்லை, முழுக் கையாலும் கசக்கி, அப்படி. துணி இழுபட்டது. "அம்மா" என்று கேட்டது. உன்னிடம் மறைக்க மாட்டேன், அது உன் குரல்தான். வேறு யாருடையதோ போல இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அந்த நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், ஏனென்றால் அப்போதுதான், முதல் முறையாக, ஓரக்கண்ணில் ஏதோ தெரிய ஆரம்பித்தது. ஒரு கை. மணிக்கட்டு வரை. பார்த்துவிட்டால் என்னால் சொல்ல முடியாது.

கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். "என் மக வேற ஊர்ல இருக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்க்கறா. விடுதியில ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவளோடது. அவ அங்கதான் இருக்கா. அங்கதான் முழுசா இருக்கா." சத்தமாகச் சொன்னேன். கண்டக்டரம்மா முறையே அதுதானே, வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

துணி தளர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு விரலாக.

கண்ணைத் திறந்தபோது கண்டக்டரம்மா அரிசி அள்ளுகிற குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு எடுத்தோம் என்று மறந்தவர் மாதிரி நின்றார். "யாரைக் கூப்பிட்டேன்?" என்று பொதுவாகக் கேட்டார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. தையற்காரர்தான் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு தலை குறையுதே, வண்டி வராதே" என்றார். நான் குறைத்ததுதான், பக்கத்துக் கட்டடத்தில் போய் நானே ஆள் கேட்கிறேன் என்றேன். "கேளுங்க கேளுங்க, உசிரோட, பசியோட, பக்கத்துலயே இருக்கற ஆளா பார்த்துக் கேளுங்க. அதுவரைக்கும் மூட்டையை யார் தூக்கறது, நம்ம லிஃப்ட்காரரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னாலும் சிரிக்க முடிந்தது.

மேலே வந்தால் வானொலி அணைந்திருந்தது. அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சிட்டு எங்க?" என்று கேட்டார். ஊர்ல இருக்கா என்றேன். என்னையே பார்த்தார். "எப்பப் போனா?" போய் நாளாச்சே, நாம ரெண்டு பேரும்தானே வண்டியேத்தி விட்டோம் என்றேன். யோசித்தார். அப்புறம் மெதுவாக, "சொல்லிட்டுத்தானே போனா?" என்றார். சொல்லிட்டுத்தான் போனா என்றேன். தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி அவர் பேச்சு மறுபடி குறையும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதற்காக மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

அங்கே என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு யாராவது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? நடைபாதையில் யாராவது உன்மேல் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்களா? கேட்டிருந்தால் எழுது. கேட்காவிட்டாலும் எழுது.

குழுவை ஆரம்பி, சிட்டு, தள்ளிப் போடாதே. நாலு பெண்களாவது போதும். பிரிக்கிற அன்றைக்கு எல்லோரும் ஒரே இடத்தில் நில்லுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், உன் பெயர் வரும்போது உன் வாயாலேயே, நெஞ்சிலிருந்து, இருக்கேன் என்று சொல். முதல் தடவை காதில் விழாவிட்டால் மறுபடி சொல், தராசைப் பிடித்துக்கொண்டு சொல். உனக்காக வேறு யாரையும் பதில் சொல்ல விடாதே. இல்லாதவளுக்காக நீயும் பதில் சொல்லாதே, மூட்டை குறைந்தால் குறையட்டும், வண்டி வராவிட்டால் தலையில் சுமந்துகொண்டு வாருங்கள்.

நீ இருக்கிற இடத்தில் முழுசாக இருக்க வேண்டும். நிழல் விழ, படி அதிர, நாலு பேர் உனக்காகக் காத்திருந்து திட்ட, நன்றாக இரு. பதில் போட மறக்காதே, பேனாவை அழுத்திப் பிடித்து எழுது.

உன்னைப் பெற்று அனுப்பிவைத்த,
அம்மா

உறையை ஒட்டிவிட்டேன், அதனால் இதை வெளிப்பக்கம் எழுதுகிறேன். இத்தனை நாளும் மூன்று பேருக்கு வைத்த கையால், இன்றைக்கு இரண்டு பேருக்கு மட்டும் அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன்.